நாய்ப் பெட்டியின் மூன்றாவது அளவு

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: நான் மடையன். அதுவும் சாதாரண மடையன் இல்லை. அரசாங்கச் சம்பளம் வாங்கிக்கொண்டு முப்பது வருஷம் நிலம் அளந்த மடையன். பாபநாசத்தைச் சுற்றி எந்த ஊரில் வரப்புத் தகராறு வந்தாலும், ஓய்வு பெற்ற பிறகும் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். ஒரு சாண் மண்ணுக்காக வருஷக்கணக்கில் முகம் பார்க்காமல் இருந்த அண்ணன் தம்பியை, டேப்பின் ஆளுக்கொரு முனையைப் பிடிக்கச் சொல்லி எதிரெதிரே நிற்க வைத்திருக்கிறேன். அப்படிப்பட்ட நான், சொந்த வீட்டு நாய்க்குப் பயணப் பெட்டி செய்யச் சொன்னபோது உயரத்தை அளக்க மறந்துவிட்டேன்.

என் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. நிலத்துக்கு உயரம் கிடையாது. நீளம் உண்டு, அகலம் உண்டு, மூலைக்கு மூலை உண்டு. நான்கு பக்கமும் யார் யார் என்பது உண்டு. வானத்தை நோக்கி எவ்வளவு தூரம் எனக்குச் சொந்தம் என்று இதுவரை எந்தப் பட்டாதாரரும் என்னிடம் கேட்டதில்லை. முப்பது வருஷமும் குனிந்தே அளந்தவன் நான். நிமிர்ந்து அளக்க வேண்டிய சந்தர்ப்பம் ஒன்று வரும், அதுவும் நான்கு காலில் வரும் என்று யார் கண்டது?

விஷயம் இதுதான். எங்கள் மகள் புனேயில் இருக்கிறாள். தலைப்பிரசவம். முறைப்படி வளைகாப்பு போட்டு எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்திருக்க வேண்டும். பயணமே கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். மகளை அம்மா வீட்டுக்குக் கொண்டுவர முடியாவிட்டால் அம்மா வீட்டை மகளிடம் கொண்டுபோவது என்று முடிவானது. அம்மா வீடு என்றால் என் மனைவி, நல்லெண்ணெய், பூண்டு, சுக்கு, பிரசவ லேகியத்துக்கான சாமான்கள், அப்புறம் நாய். எல்லாவற்றுக்கும் கடைசியில் நான்.

நாய் எதற்கு என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன்.

"நான் திரும்பி வர அஞ்சு மாசம் ஆவும். அவனை யார்கிட்ட விட்டுட்டுப் போறது?" என்றாள் மனைவி.

"நான் வேணா இங்கேயே இருந்து பாத்துக்கிறேன்."

"நீங்களா? உங்களை யாரு பாத்துக்கிறது?"

அவள் கேட்டதில் தப்பில்லை. அந்த நாய் என் கையால் ஒரு பருக்கை தின்றதில்லை. இத்தனைக்கும் அதை வீட்டுக்குக் கொண்டுவந்தவன் நான்தான். திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் ஒரு வயலை அளக்கப் போனபோது, குட்டியாக என் டேப்பின் பின்னாலேயே ஓடிவந்து, வரப்பெல்லாம் கூடவே சுற்றி, கடைசியில் வண்டியில் ஏறிக்கொண்டது. கொண்டுவந்தவன் நான், சோறு போட்டவள் அவள். மனைவி அதைத் "தம்பி" என்றுதான் கூப்பிடுவாள். தட்டில் தயிர்சாதத்தை வைத்துப் பக்கத்தில் உட்கார்ந்து, "சாப்பிடு தம்பி" என்றால்தான் வாய் வைக்கும். அவள் கும்பகோணம் போய்த் திரும்பத் தாமதமானால் பட்டினி கிடக்கும். நான் தட்டை வைத்தால் ஒரு பார்வை பார்க்கும் பாருங்கள், தாலுகா ஆபீசில் மனுவை வாங்கிப் படிக்காமலே ஓரமாக வைப்பார்களே, அந்தப் பார்வை.

ஆக, நாய் போகாவிட்டால் மனைவி நிம்மதியாகப் போக மாட்டாள். ரயிலில் நாயோடு போவதென்றால் முதல் வகுப்பில் தனி அறை வேண்டும். நாங்கள் கேட்ட தேதியில் கிடைக்கவில்லை. சென்னையிலிருந்து விமானம் என்று தீர்மானித்தோம். நாய் அதே விமானத்தில் கீழே சரக்கோடு வரும். அதற்கு முறைப்படி ஒரு பெட்டி வேண்டும்.

"பெட்டி என் பொறுப்பு. அளவு சம்பந்தப்பட்ட விஷயந்தானே? விடு" என்றேன்.

இந்த வாக்கியத்தை என் மனைவி இன்றுவரை சொல்லிக் காட்டுகிறாள், என் குரலிலேயே.

மகள் விதிமுறைகளைச் செல்பேசியில் அனுப்பினாள். பக்கம் பக்கமாக இருந்தது. கடைசியில் அவளே சுருக்கி எழுதியிருந்தாள்: "அப்பா, பெட்டிக்குள்ள அவன் நிக்கணும், திரும்பணும், படுக்கணும். அவ்ளோதான். தயவுசெய்து அளந்துட்டு வாங்குங்க."

தயவுசெய்து என்ற சொல் எனக்கு உறைத்தது. அப்பனைப் பார்த்து அளந்துவிட்டு வாங்கச் சொல்கிறாள்! அந்தக் கோபத்தில் அளக்காமலே வாங்கினேன்.

இணையத்தில் பிளாஸ்டிக் பெட்டிகள் கிடைத்தன. ஒவ்வொன்றின் கீழும் ஓர் அட்டவணை. இத்தனை கிலோ நாய்க்கு இந்தப் பெட்டி என்று போட்டிருந்தது. அளப்பதெல்லாம் எதற்கு, எடை தெரிந்தால் போதுமே! நாயை ஸ்கூட்டரில் முன்னால் நிற்க வைத்து அரவை மில்லுக்கு ஓட்டினேன். வழியில் வாய்க்காலைப் பார்த்ததும் அது குதித்து இறங்கி ஒரு முழுக்குப் போட்டுவிட்டு வந்தது. மில்லில் நெல் மூட்டை எடை போடும் தராசின்மேல் நாயைத் தூக்கிக்கொண்டு நான் ஏறி நின்றேன். எடை போடுகிறவர் முள்ளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சொட்டச் சொட்ட நிற்கும் நாயைத் தொட்டுப் பார்த்தார்.

"என்ன சார், ஈரப்பதம் ஜாஸ்தியா இருக்கே. நல்லாக் காயப்போட்டு எடுத்துட்டு வாங்க."

மில்லில் நின்றிருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். வெயிலில் அரைமணி நேரம் நாயைக் காயப்போட்டேன், பக்கத்தில் நானும் காய்ந்தேன். மறுபடி ஏறி, என் எடையைக் கழித்ததில் நாய் இருபத்திரண்டு கிலோ. என் எடையையும் அந்த ஊரே தெரிந்துகொண்டது; அது இங்கே வேண்டாம்.

இருபத்திரண்டு கிலோவுக்கு நடுத்தரப் பெட்டி போதும் என்றது அட்டவணை. நான்கே நாளில் பெட்டி வந்தது. மனைவி உள்ளே ஒரு பிஸ்கட்டை வைத்தாள். நாய் தலையை நுழைத்தது, முன்னங்காலை நுழைத்தது, இடுப்புவரை போனது. அதற்குமேல் பெட்டி முடிந்துவிட்டது. பின்பாதி வெளியே நின்று வாலை ஆட்டிக்கொண்டிருந்தது.

அந்த அட்டவணையைப் போட்டவர் உருண்டையான நாய்களை மட்டுமே பார்த்தவராக இருக்க வேண்டும். எங்கள் நாய் வேறு சாதி. காலெல்லாம் வேட்டை நாய் மாதிரி நீளம், வயிறு ஒட்டி, எலும்பும் தோலுமாக, இரண்டு காதும் கூம்பு மாதிரி நட்டுக்கொண்டு நிற்கும். எத்தனை தயிர்சாதம் தின்றாலும் நீளத்துக்கும் உயரத்துக்கும் போகுமே தவிர எடைக்குப் போகாது.

"அளந்து வாங்குங்கன்னு அவ சொன்னா இல்ல?" என்றாள் மனைவி.

"சார்ட்ல போட்டிருந்துச்சு."

"சார்ட்டா நம்ம தம்பியைப் பாத்துச்சு?"

பெட்டியைத் திருப்பி அனுப்பலாம் என்று பார்த்தால் அதற்குள் நாய் வாசல் கம்பியைக் கடித்துப் பல் பதித்திருந்தது. சின்ன வெங்காயம் போட்டு வைக்க ஆகும் என்று மனைவி எடுத்துக்கொண்டாள். அடுக்களைக்குப் போகும்போதெல்லாம் அந்த வெங்காயம் கம்பிக்குப் பின்னாலிருந்து என்னைப் பார்க்கும்.

சரி, இனி விளையாட்டு இல்லை, தொழிலில் இறங்கிவிடுவது என்று முடிவு செய்தேன். மரப்பெட்டி செய்தால் விமானத்தில் ஏற்றுக்கொள்வார்கள் என்று மகள் விசாரித்துச் சொன்னாள். எங்கள் தெருமுனையில் ஒரு தச்சர் இருக்கிறார். கதவு, கட்டில், மளிகைக்கடைகளுக்கு அரிசிப் பெட்டி என்று எதையும் நறுக்கென்று செய்வார். அவரிடம் தருவதற்கு முறையான வரைபடம் வேண்டாமா?

கூடத்தில் நாயைப் படுக்க வைத்து, சுற்றிச் சாக்பீஸால் கோடு போட்டேன். மூக்கிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை ஐந்து தடவை அளந்து சராசரி எடுத்தேன். நாய் டேப்பைப் பார்த்ததும் குட்டிக்கால ஞாபகம் வந்து அதன் முனையைக் கவ்விக்கொண்டு தோட்டத்துக்கு ஓடியது. முப்பது மீட்டர் டேப். வாழைக்கொல்லையைச் சுற்றி, கிணற்றைச் சுற்றி, மனைவியின் காலைச் சுற்றி வந்தபோதுதான் டேப் தீர்ந்தது.

"என்னங்க பண்றீங்க ரெண்டு பேரும்?"

"சர்வே நடக்குது. குறுக்க வராத."

திரும்பணும் என்று மகள் எழுதியிருந்தாளே, அதற்குத்தான் அதிகம் உழைத்தேன். பிஸ்கட்டைக் காட்டி நாயைச் சுற்றச் சுற்ற வைத்து, அது திரும்புகிற வட்டத்தைத் தரையில் குறித்தேன். நான்கடி நீளம், இரண்டரையடி அகலம். பத்துச் சதுர அடி. ஒரு குழி, அதாவது நூற்று நாற்பத்துநான்கு சதுர அடி நிலத்தில் இப்படிப் பதினான்கு நாயைக் குடியேற்றலாம் என்றுகூடக் கணக்குப் போட்டு மனைவியிடம் சொன்னேன். அவளுக்கு அது தேவைப்படவில்லை.

வரைபடத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். மூலைகளுக்கு அ, ஆ, இ, ஈ என்று பெயர். மூலைவிட்ட அளவு. ஓரத்தில் வடக்கு எந்தப் பக்கம் என்று ஓர் அம்புக்குறி. நாய்ப் பெட்டிக்கு வடக்கு எதற்கு என்று கேட்காதீர்கள், கை தானாகப் போட்டுவிட்டது. போட வேண்டியதைத்தான் கை போடவில்லை. நிக்கணும் என்று முதல் சொல்லாகவே மகள் எழுதியிருந்தாள். நிற்பது ஒரு விஷயமா? நாய் என்றால் நிற்கும். அதற்கு என்ன அளவு வேண்டிக்கிடக்கிறது?

ஒரு வாரத்தில் பெட்டி வந்தது. மாமரப் பலகை, காற்றுக்கு வரிசையாகத் துளை, முன்பக்கம் இரும்புக் கம்பிக் கதவு, இரண்டு பக்கமும் கைப்பிடி. தெருவே வந்து பார்த்தது. நீளம் ஒரு நூல் பிசகவில்லை. உயரத்தைப் பற்றித் தச்சரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

மனைவி உள்ளே பழைய புடவையை விரித்து, தட்டை உள்ளே வைத்து, "சாப்பிடு தம்பி" என்றாள். நாய் போனது, தின்றது, திரும்பியது, படுத்தது. நான் மீசையை ஒதுக்கிக்கொண்டேன்.

"ஏங்க, தலையைக் குனிஞ்சுகிட்டே நிக்கிறானே?" என்றாள் அவள்.

"புது இடம்ல. கூச்சம்."

"காதுகூட மடங்கியிருக்குங்க."

"கூச்சம்னா காதும்தான் மடங்கும்."

அவள் லேகியத்துக்குத் திப்பிலி இடிக்கப் போய்விட்டாள். அந்த நேரத்தில் நான் எழுந்து டேப்பைச் செங்குத்தாக ஒரு தடவை பிடித்திருந்தால் இந்தக் கதையை எழுத வேண்டியிருந்திருக்காது.

விடியற்காலையில் வேனில் கிளம்பினோம். பின்னால் பெட்டி, பெட்டிக்குள் நாய், நாய்க்கு நேர் முன்னால் மனைவி. வழியெல்லாம் வயல்களில் நாற்று நட்டுக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு வயலையும் பார்த்து, "இது நான் அளந்தது, அதோ அது நான் அளந்தது" என்று கும்பகோணம் தாண்டும்வரை வேன்காரரிடம் சொல்லிக்கொண்டே வந்தேன். பாவம், அவரும் தலையை ஆட்டிக்கொண்டே ஓட்டினார்.

மதியம் விமான நிலையத்தின் சரக்குப் பகுதிக்குப் போய்ச் சேர்ந்தோம். நாய்க்கு ஊசி போட்ட சான்று, மருத்துவச் சான்று, எல்லாம் சரியாக இருந்தன. மேசையில் இருந்தது ஒரு சின்னப் பெண், எங்கள் மகள் வயது இருக்கும். எழுந்து வந்து பெட்டிக்கு முன்னால் குந்தினாள்.

"சார், அவனை நிக்கச் சொல்லுங்க."

"நிக்கிறானேம்மா."

"தலை குனிஞ்சிருக்கு சார்."

"மரியாதை தெரிஞ்ச நாய்மா."

அவள் சிரிக்கவில்லை. மனைவியும் சிரிக்கவில்லை. அந்தப் பெண் நாயை வெளியே எடுக்கச் சொன்னாள். அது வெளியே வந்து உடம்பை ஒரு உதறு உதறிவிட்டு, ஏழு மணி நேரம் மடக்கி வைத்திருந்த இரண்டு காதையும் நிமிர்த்தியது. இந்தக் காது இவ்வளவு நீளமா என்று நானே அப்போதுதான் பார்த்தேன். அவள் ஒரு அளவுகோலைக் கொண்டுவந்து தரையிலிருந்து காதுநுனி வரை பிடித்தாள். முப்பது அங்குலம். பெட்டிக்குள்ளே பிடித்தாள். இருபத்தாறு.

"காது மேல தட்டக் கூடாது சார். தட்டினா ஏத்த முடியாது."

"நாலு இஞ்ச்தானேம்மா? இவன் நிக்கவே மாட்டான். புனே வரைக்கும் படுத்துக்கிட்டே வருவான்."

படுத்துக்கொண்டு வரக்கூடிய அந்த நாய், என் பக்கத்தில் விறைப்பாக, சிலை மாதிரி நின்றது.

"நிலத்துலல்லாம் நாலு இஞ்ச் வித்தியாசத்தை யாரும் பெரிசு பண்ண மாட்டாங்கம்மா" என்றேன். இது பொய். நான்கு அங்குலத்துக்கு மண்டை உடைந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

"நிலமா? சார் என்ன வேலை பாத்தீங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் மனைவி சொல்லிவிட்டாள். "அளக்கிற வேலை."

அந்தப் பெண் தன் அளவுகோலையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை. நான் வேறு வழி தேடினேன். மேல் பலகையைக் கழற்றிவிட்டுத் துணி கட்டலாமா என்றேன். முடியாது. காதை ஒரு துண்டால் கட்டிவிட்டால்? மனைவி என் கையைப் பிடித்து, "போதும்ங்க" என்றாள். பக்கத்தில் பெரிய பெட்டி விலைக்குக் கிடைக்குமா என்று வேன்காரர் ஓடிப்போய் விசாரித்துவிட்டு வந்தார். அந்த அளவு கைவசம் இல்லை, சொல்லி வைத்தால் மூன்று நாளில் வரும் என்றார்களாம். விமானம் கிளம்ப இரண்டு மணி நேரம் இருந்தது. அங்கே மகளுக்குக் காலையிலிருந்து இடுப்பு வலி விட்டு விட்டு வருவதாக மாப்பிள்ளை இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டார்.

மனைவி தரையில் உட்கார்ந்தாள். டிபன் டப்பாவைத் திறந்து, "சாப்பிடு தம்பி" என்றாள். நாய் முழுவதும் தின்று முடிக்கும்வரை முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து, லேகியச் சாமான் பையை எடுத்துக்கொண்டு, என்னிடம் ஒன்றே ஒன்று சொன்னாள். "அவனை ஒழுங்காச் சாப்பிட வைங்க." கண்ணைத் துடைத்துக்கொண்டே உள்ளே போனாள். அவள் என்னைத் திட்டிவிட்டுப் போயிருந்தால் திரும்பும் வழியெல்லாம் அவள்மேல் கோபப்பட்டுக்கொண்டாவது வந்திருக்கலாம்.

திரும்பும்போது வயல்களைப் பற்றி நான் பேசவில்லை. வேன்காரர்தான் கும்பகோணம் வந்ததும், "சார், இதுகூட நீங்க அளந்ததா?" என்று கேட்டார். தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டேன்.

மறுநாள் நாய் சாப்பிடவில்லை. வாசலைப் பார்த்துப் படுத்திருந்தது. தயிர்சாதம் வைத்தேன், முட்டை வைத்தேன், ஆட்டுக்கறி வாங்கிவந்து வேக வைத்தேன். எல்லாம் மனுவைப் போல ஓரத்தில் கிடந்தன. பக்கத்தில் உட்கார்ந்து, குரலை மெல்லியதாக்கி, "சாப்பிடு தம்பி" என்று சொல்லிப் பார்த்தேன். எழுந்து போய் வெங்காயப் பெட்டிக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டது. அதற்கு அடுத்த நாளும் அதே கதை. நாயின் விலா எலும்புகளை எண்ண முடிந்தது. எனக்கு உள்ளூரப் பயம் வந்துவிட்டது. அவள் என்னை நம்பி விட்டுவிட்டுப் போனது ஒன்றே ஒன்றைத்தான்.

வெட்கத்தை விட்டுப் புனேயில் மனைவிக்குப் போன் போட்டேன். பேத்தி பிறந்து ஆறு மணி நேரம் ஆகியிருந்தது. தாயும் பிள்ளையும் சௌக்கியம். எனக்குச் சொல்ல அவளே கூப்பிட இருந்தாளாம். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அவன் ரெண்டு நாளாச் சாப்பிடலை" என்றேன்.

"போனை அவன் காதுகிட்ட வைங்க."

வைத்தேன். அந்தப் பக்கத்திலிருந்து, ஆஸ்பத்திரி இரைச்சலுக்கு நடுவே, "சாப்பிடு தம்பி" என்றாள். மடங்கியிருந்த காது இரண்டும் படக்கென்று நிமிர்ந்தன. நாய் எழுந்து வந்து தட்டைக் காலி செய்துவிட்டு, போனையும் ஒரு நக்கு நக்கியது.

அன்றிலிருந்து ஒரு நாளைக்கு இரண்டு வேளை இந்தக் கூத்து. அங்கே பிள்ளைக்கு எண்ணெய் தேய்க்கிற கையோடு அவள் போனில் சத்தம் போடுவாள். மாப்பிள்ளையின் அப்பா அம்மா வந்திருந்தபோதும் போட்டாள். அந்தத் தம்பி யார், அவருக்கு ஏன் ஊட்டிவிட ஆளில்லை என்று சம்பந்தியம்மா மிகவும் வருத்தப்பட்டுக் கேட்டார்களாம். என்னை நீங்க சாப்பிட்டீங்களா என்று யாரும் கேட்கவில்லை. நாய் மிச்சம் வைத்த கறியைத்தான் நான் மோருக்குத் தொட்டுக்கொண்டேன்.

இதை எத்தனை நாள் ஓட்டுவது? பெட்டியைத் தூக்கிக்கொண்டு தச்சரிடம் போனேன். கோபமாகத்தான் போனேன். யாராவது ஒருவர்மேல் பழியைப் போட்டால் கொஞ்சம் ஆறுதலாக இருக்குமே.

"என்னங்க, நாய்க்குக் காது இருக்கும்னு தெரியாதா உங்களுக்கு? ஒசரத்தைக் கேட்டிருக்கலாம்ல?"

அவர் இழைப்புளியைக் கீழே வைத்தார். மடித்துப் பத்திரமாக வைத்திருந்த என் வரைபடத்தை எடுத்து நீட்டினார்.

"வடக்கெல்லாம் போட்டுக் குடுத்தீங்க சார். இவ்ளோ போட்டவரு ஒசரத்தைப் போடலைன்னா, வழக்கமான ஒசரம் போதும் போலன்னு நெனச்சேன். அரிசிப் பெட்டிக்கு வைக்கிற மாதிரி, பலகைக் கனத்தோட ரெண்டேகால் அடியை வெச்சேன்."

"நிலத்துக்கு ஒசரம் கிடையாதுங்க. அந்தப் பழக்கத்துல விட்டுட்டேன்."

"நல்லாச் சொன்னீங்க போங்க. நாலு விரக்கடை மேடா இருந்தா எந்த வயலுக்கு சார் தண்ணி ஏறும்? என் கொல்லைக்கு வாய்க்கால் மட்டம் பாக்க நீங்கதானே கோல் தூக்கிட்டு வந்தீங்க?"

ஆமாம், தூக்கிக்கொண்டுதான் போனேன். இத்தனை நாள் நான் சொல்லித் திரிந்த ஒரே நியாயத்தையும் இழைப்புளியை எடுத்து இழைத்துவிட்டார் மனிதர். வீட்டுக்கு வந்து பரணைப் பார்த்தால், சிவப்பும் கறுப்புமாகக் கோடு போட்ட அந்த மட்டக்கோல் என் தலைக்கு மேலேயே கிடந்தது.

அதை இறக்கி, நாயைச் சுவரோரம் நிற்க வைத்தேன். நிமிர்ந்து நிற்க வேண்டுமே, அதற்காகப் போனை எடுத்து மனைவியைக் கூப்பிடச் சொன்னேன். "தம்பி" என்ற மாத்திரத்தில் காது விறைத்தது. அளந்தேன். முப்பது. புடவை விரிப்புக்கு ஒன்று, காதுக்கு மேலே காற்றோட்டமாக மூன்று. முப்பத்துநான்கு என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டேன். வடக்கு போடவில்லை.

தச்சர் பழைய பெட்டியின் மேல் பலகையைக் கழற்றி, சுற்றிலும் எட்டு அங்குலம் உயர்த்திப் பொருத்தினார். இந்தத் தடவை நாயைப் பட்டறைக்கே கூட்டிக்கொண்டுபோய், உள்ளே விட்டு, கதவைச் சாத்தி, கால் மணி நேரம் முன்னால் குந்தி உட்கார்ந்து பார்த்தோம். நின்றது. திரும்பியது. படுத்தது. மறுபடி நின்றது. காது தாராளமாக நின்றது.

"மிச்சப் பலகை நல்லாருக்கு சார்" என்றார் தச்சர், நல்ல மனநிலையில். "பேத்திக்கு ஒரு தொட்டில் செஞ்சு குடுத்துடட்டுமா? தாய்வீட்டுச் சீரு உங்களோடதுதானே?"

எனக்கு அது சட்டென்று பிடித்துவிட்டது. இத்தனை அவமானத்தையும் ஒரே தொட்டிலில் போட்டு ஆட்டிவிடலாம். செய்து தூக்கிக்கொண்டுபோக வழியில்லை என்பதால், அங்கேயே ஒரு தச்சரைப் பிடித்துச் செய்துகொள்வது என்று முடிவு செய்தேன். அன்று மாலையே உட்கார்ந்து வரைந்தேன். நீளம், அகலம், உயரம், சங்கிலியின் நீளம், தரையிலிருந்து இடைவெளி, குழந்தை புரண்டால் விழாமலிருக்கப் பக்கச் சட்டம். மூன்று பக்கத்திலிருந்தும் பார்த்தால் எப்படித் தெரியும் என்று மூன்று படம். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

மறுபடி அதே வேன், அதே வழி, அதே மேசை. அந்தப் பெண்ணுக்கு என்னை நினைவிருந்தது. பெட்டியைப் பார்த்ததுமே அளவுகோலை எடுத்துக்கொண்டுதான் எழுந்தாள். நாய் உள்ளே போய், திரும்பி, அவள் முகத்துக்கு நேராக நிமிர்ந்து நின்றது. காதுநுனிக்கும் பலகைக்கும் நடுவே அவள் தன் விரல்களை நுழைத்துப் பார்த்தாள்.

"சரியா இருக்கு சார்."

"இன்னொரு தடவை வேணா அளந்து பாரும்மா" என்றேன், ஆசையாக.

"வேணாம் சார்."

பெட்டியின்மேல் சீட்டு ஒட்டி, வண்டியில் வைத்து உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். கம்பிக்குப் பின்னால் இரண்டு காதும் நிமிர்ந்தபடியே போவதைக் கடைசிவரை பார்த்துவிட்டு, போனை எடுத்தேன்.

"ஏத்திட்டாங்க!" என்றேன். "உன் தம்பி ராஜா மாதிரி நின்னான். ராத்திரிக்கு அவனுக்கு உன் கையால சோறு. நீளம் சரி, அகலம் சரி, ஒசரம் சரி. அந்தப் பொண்ணே சொல்லிடுச்சு, சரியா இருக்குன்னு. நீ என்னமோ என்னை நம்பவே மாட்டேன்னு இருந்தியே. இந்தா, இன்னொண்ணு கேளு. பேத்திக்குத் தொட்டிலும் நானே அளவு போட்டு, மூணு பக்கமும் வரைஞ்சு கையோட எடுத்துட்டு வர்றேன். அங்க ஒரு தச்சரை மட்டும் பாத்து வைக்கச் சொல்லு."

அந்தப் பக்கம் குழந்தை சிணுங்கும் சத்தம் கேட்டது.

"தொட்டில் வாங்கியாச்சு" என்றாள்.